தைராய்டும் தைரியமும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் புயல் பேத்தியும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் இத்தனை வருடமும் தொடங்கியிருக்கிறேன். நலம் கேட்டேனே தவிர நீ சொன்ன பதிலைக் கேட்டதில்லை என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது. போனில் பேசாமல் இவள் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் போனைக் கையில் எடுத்தேன், நீ "சொல்லும்மா" என்றதும் என் வாய் அதுபாட்டுக்கு ஒரு ஜோக்கைத் தேடிக்கொண்டு ஓடிவிட்டது. தாளில் என்றால் ஜோக் வந்தாலும் அடித்துவிடலாம். மேலே மூன்று இடத்தில் அடித்திருக்கிறேன், உற்றுப் பார்க்காதே. தபாலை நம்பிப் பயனில்லை, எழுதி முடித்ததும் அப்பா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவார்.

அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. நடக்கிறேன் என்று ஒரு மெஷின் வாங்கிக் கூடத்தில் வைத்தாரே, அதில் இப்போது துண்டுகள்தான் காய்கின்றன, துண்டுகள் நன்றாக இளைத்துவிட்டன. அச்சகத்தில் எனக்கு வேலை குறையவில்லை. போன வாரம் ஒரு பள்ளிக்கூட மலரில் தலைமையாசிரியர் எழுந்து பேசினார் என்பது அழுது பேசினார் என்று வந்திருந்தது. நான் பிடிக்காவிட்டால் அந்த மனிதர் நிஜமாகவே அழுதிருப்பார். ஊரார் பிழையைத் திருத்திப் பிழைக்கிறவள் நான். என்னுடைய பிழை ஒன்று இருபத்தொன்பது வருடமாக அப்படியே அச்சாகிக்கொண்டிருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ ஆறு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தாய், எந்திரிக்கும்போதே அசதியா இருக்கும்மா, தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரியே இல்ல என்று. நான் என்ன சொன்னேன்? அசதின்னு சொல்றது வேலையிலிருந்து தப்பிக்க நீ பண்ற சதிடீ என்றேன். உன் சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள், நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டு அப்புறம் ஒரு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தபோது குட்டிப் புயல் உன் தோளில் ஏறி மூக்கைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது, நீ தடுக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. அங்கே எல்லாரும் கையில்லாத சட்டை போட்டிருக்க நீ மட்டும் ஸ்வெட்டர் போட்டிருந்தாய். முந்தாநாள் உட்கார்ந்தபடியே தூங்கிட்டேன், கண்ணைத் திறந்தா இவ பால்கனிக் கதவைத் தள்ளிக்கிட்டு நிக்கிறா, நல்லவேளை தாழ்ப்பாள் எட்டல என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு என்னுடையது. என்னிடமிருந்துதான் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறாய். அப்புறம் கேட்டாய், டாக்டர் விசாரிச்சாங்க, நம்ம வீட்டுல யாருக்காவது தைராய்டு உண்டாம்மா என்று. நம்ம வீட்டுல யாருக்கும் தைராய்டும் கிடையாது, தைரியமும் கிடையாது என்று பட்டென்று சொன்னேன். மாப்பிள்ளை பின்னாலிருந்து அத்தை சூப்பர் என்றார். நீ, அப்ப வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனை எல்லாம் வேண்டாம், வெறும் தூக்கக் குறைவுதான் போல, ரத்து பண்ணிடறேன் என்றாய். நான் சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஜோக்கில் பாதி பொய். எனக்குத் தைராய்டு இருக்கிறது. இல்லாதது மற்றது.

உனக்குக் கடைக்காரி என்று பேர் வந்த கதை தெரியுமே, ரெண்டு வயதிலேயே தனியாகக் கடைக்குப் போனவள் என்று வீட்டுக்கு வருகிற ஒருவர் விடாமல் நான் சொல்லும் கதை. அது நடந்தது அப்படி இல்லை. காலை பதினோரு மணி இருக்கும், அப்பா ஆபீசுக்குப் போயிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன், நீ பக்கத்தில் சட்டைகளை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தாய். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். கதவு தட்டுகிற சத்தத்தில் விழித்தால், எதிர்ச்சாரித் தையல்காரர் உன்னைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், உன் கையில் அவருடைய அளவு டேப். ரோட்டுக்கு நடுவுல நின்னுட்டிருந்தாம்மா, பஸ்காரன் பிரேக் போட்டுட்டான் என்றார். நான்தாண்ணே கடைக்கு அனுப்பினேன், வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன் என்றேன். துணிக் குவியலில் கன்னத்தை வைத்துத் தூங்கியிருக்கிறேன், பொத்தான் பதிந்த அடையாளம் கன்னத்தில் வட்டமாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடைசிவரை யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. அன்று சாயங்காலம் உங்க பொண்ணு ஷாப்பிங் போயிட்டு வந்துட்டா என்று அப்பாவிடம் சொன்னேன், அவர் சிரித்தார், அதோடு அது கதையாகிவிட்டது.

அந்த வருடம் முழுக்க எனக்கு அப்படித்தான் இருந்தது. சீப்பு நிறைய முடி, எல்லாரும் மின்விசிறிக்குக் கீழே உட்கார நான் போர்வை தேடுவேன், குரல்கூடக் கட்டைக் குரலாகிவிட்டது. குழந்தை வளர்க்கிற எல்லாருக்கும் இப்படித்தான், நாம்தான் சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து உன் சித்திதான் என்னை இழுத்துக்கொண்டு போய் ரத்தம் பார்க்க வைத்தாள். தைராய்டு சுரப்பு குறைவு, தினம் ஒரு மாத்திரை போடணும் என்றார்கள். இரண்டு மாதத்தில் நான் மனுஷியாகிவிட்டேன். ஆனால் வீட்டில் சொல்லவில்லை, உன் சித்தியும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். சொன்னால் எப்போதிலிருந்து என்று கேட்பார்கள், பேச்சு அந்தப் பதினோரு மணிக்குப் போய் நிற்கும். சமையலறை அலமாரியில் சத்து மாத்திரை என்று ஒரு பாட்டில் இருக்குமே, நீகூட எனக்கும் ஒண்ணு குடும்மா என்று அழுவாய், அதுதான் அது. என் மானத்தைக் காப்பாற்ற என் நோயை ஒளித்தேன், ஞாயிற்றுக்கிழமை உன் நோயையும் சேர்த்து ஒளிக்கப் பார்த்தேன். பெற்றவள் செய்கிற காரியமா இது. எழுதும்போதே முகம் எரிகிறது.

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இத்தனை வருஷமா நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேனே என்றார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

உனக்கும் அதேதான் என்று நான் சொல்ல வரவில்லை, நான் டாக்டர் இல்லை. இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், அந்தப் புயல் உன்னைத் துண்டு துண்டாகத்தானே தூங்கவிடுகிறது, அதுவாகவும் இருக்கலாம். மனசு சோர்ந்துபோனாலும் உடம்பு இப்படி இழுக்குமாம், அழுகை அழுகையாக வருகிறது என்றால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல். ஆனால் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. அதை நான் எழுதித் தருகிறேன். என் பழைய மருந்துச் சீட்டையும் படமெடுத்துக் கூடவே அனுப்புகிறோம். வெள்ளிக்கிழமையை ரத்து செய்திருந்தால் உடனே போன் பண்ணி மறுபடி நேரம் வாங்கு. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டால் ஆமாம், என் அம்மாவுக்கு என்று சொல். எப்போதிலிருந்து என்றால், எனக்கு ரெண்டு வயதாக இருந்தபோதிலிருந்து என்று சொல். அதுவரை பால்கனிக் கதவுக்கு மேலே இன்னொரு தாழ்ப்பாள் போடச் சொல் மாப்பிள்ளையிடம், அவர் வீட்டில் இருக்கும்போது குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு நீ போய்ப் படு, அத்தை உத்தரவு என்று சொல்.

நீயும் குழந்தையும் மாப்பிள்ளையும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும். என் மேல் கோபம் வரும், வரட்டும், வர வேண்டியதுதான். ஆனால் பரிசோதனை முடிந்து மருந்து பிடித்த பிறகு கோபித்துக்கொள். அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும் கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா