அப்பாவின் இரண்டாவது சொல்

கொஸ்லந்த,
டிசம்பர், முதல் ஞாயிறு

அன்பு மகள் நிஷாலினிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் இங்கே தலைக்கு மேல் கூரையோடும் வேளைக்குச் சோறு தண்ணீரோடும் இருக்கிறோம். நீயும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் நன்றாகத் தூங்கி எழும்ப வேண்டுமென்று செபமாலையில் உனக்காகத் தனியாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஜோர்தானில் குளிர் தொடங்கிவிட்டது என்று நிரஞ்சலா சொன்னாள், காதை மூடாமல் காலையில் பெக்டரி பஸ்ஸுக்கு நிற்காதே, இத்தோடு ஒரு கம்பளித் தொப்பி வருகிறது, நிறம் பிடிக்கவில்லை என்று பெட்டிக்குள் போட்டு வைத்தாயானால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவர் காதுபடவே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது? நிரஞ்சலா லீவு முடிந்து திரும்பவும் உங்கள் பெக்டரிக்கே போவதாகக் கேள்விப்பட்டதும் கடிதத்தைக் கையோடு கொடுத்துவிடப் பெரகலைக்குப் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு எல்லாவற்றையும் எழுதிவிடப் போகிறேன், நீயும் பொறுமையாகப் படி.

போன வாரம் நீ அழுதுகொண்டு வேலையை விட்டுவிட்டு வந்துவிடவா அம்மா என்று கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான்: வரக் கூடாது. நீ வந்து என்ன செய்வாய், நானும் நீயுமாக அப்பா முகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருப்போம். அவருக்குப் பாரிசவாத வருத்தம் வந்து வலது கையும் பேச்சும் போனதிலிருந்து அவர் வாயில் மிச்சமிருந்தது சரி என்ற ஒரு சொல்தான் என்பது உனக்குத் தெரியும். தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, கால் வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. நீ போன் எடுத்து அப்பா எப்படி இருக்கீங்க என்று கேட்டால் சரி, சாப்பிட்டீங்களா என்றாலும் சரி. அதைக் கேட்கத் தாங்காமல்தான் கொஞ்ச நாளாக நீ என்னிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், எனக்குத் தெரியாதா? உன்னைக் குறை சொல்லவில்லை மகள். ஆனால் நீ வைத்த பிறகு அவர் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருப்பார், அதை நான்தான் பார்க்கிறேன். இந்த மனிதரை இப்படியே விடுவதில்லை என்று, நீ முதல் தடவை அப்படி வைத்த அன்றைக்கே முடிவு எடுத்துவிட்டேன்.

பதுளை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஸகீனா மிஸ்தான் வழி சொன்னார். சில பேருக்குப் பேச்சு போனாலும் பாட்டு போகாதும்மா, இவர் கோயில்ல கிட்டார் வாசிச்சவரு இல்லையா, பாட வச்சுப் பாருங்க என்றார். நான் பாடிப் பார்த்தேன், என் குரல்தான் உனக்குத் தெரியுமே, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போனில் பாட்டுப் போட்டேன், கண் கலங்கக் கேட்டாரே தவிர வாய் திறக்கவில்லை. அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸிடம் சொன்னேன், போன்ல பாட்டு அது பாட்டுக்கு ஓடிரும், இவருக்காக நிக்காது, இவர் ஒரு சொல்லத் தேடுற வரைக்கும் காத்திருந்து வாசிக்கிற ஆள் வேணும் என்றார். அப்படி ஒரு ஆளுக்கு நான் எங்கே போவேன்? கோயிலில் அவரோடு வாசித்த பையன் கொழும்புக்குப் போய்விட்டான், டவுனில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறவர் தினமும் இந்த மலை ஏறி வருவாரா? அப்பாவின் கிட்டாரையே அவர் மடியில் வைத்துப் பார்த்தேன், இருக்கிற கையால் தள்ளிவிட்டார். அப்போதுதான், போன லீவில் நீ வந்து என் போனில் ஏற்றி மூன்றாம் பாடத்தோடு கைவிட்டுப் போன அந்தக் கிட்டார் ஆப் ஞாபகம் வந்தது. சிரிக்காதே, இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, படம் இருக்கிறது, எந்தக் கம்பியில் எந்த விரல் என்று புள்ளி போட்டுக் காட்டுகிறது, கம்பிக்குச் சுதி சேர்ப்பதற்குக்கூட முள் ஒன்று வைத்திருக்கிறது. ஒழுங்காக வாசித்தால் பச்சை, பிசகினால் சிவப்பு. ஒவ்வொரு நாளும் திறந்தவுடன் குட்மோனிங் நிஷாலினி என்று என்னைக் கூப்பிடுகிறது, மாற்றத் தெரியவில்லை, மாற்றவும் மனமில்லை.

மலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து முகம் கழுவியதும் உட்கார்ந்துவிடுவேன். முதல் வாரம் முழுக்கச் சிவப்புதான் மகள். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனி தடித்துப் போயிருக்கிறது, ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து அமுங்குகிறது. அதைவிடப் பெரிய கூத்து என்னவென்றால், ஜி என்ற கோட்ஸ் பிடியிலிருந்து சி என்ற கோட்ஸ் பிடிக்கு மாறும்போது என் இடது கை கம்பியை விட்டுவிட்டு நேராகத் தோளுக்குப் பின்னால் போகிறது! மலையில் இரண்டு கையும் சேர்ந்து பறித்து, பிடி நிறைந்ததும் பின்னால் கூடைக்குள் போட்டே பழகிய கைதானே, ஒரு கை ஆடும்போது மற்றது அசையாமல் இருக்க வேண்டுமென்றால் அதற்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, என்னாடி றீட்டா, கிட்டார்ல எத்தன கிலோ ஆச்சு என்று கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு. எல்லாரும் அப்படி நல்ல மனதோடு சிரிக்கவில்லை. புருஷன் பேச்சில்லாம கெடக்கான், இவளுக்குக் கிட்டார் கேக்குது என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேசினார்கள், என் காதிலும் விழுந்தது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். தோளைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன், கை பின்னால் போனால் சுவரில் இடிக்கும். விரல் முட்டியில் தோல் உரிந்த பிறகுதான் அதற்குப் புத்தி வந்தது. மழை தகரத்தில் விழுந்தால் ஆப்புக்கு ஒன்றும் கேட்காது, சிவப்பைக் காட்டும். முருகையா மாமா டீவியைச் சத்தமாகப் போட்டாலும் சிவப்பு, இடையில் ஒரு பலகைச் சுவர்தானே. நான் போய்ச் சொன்னதற்கு முதலில் முறைத்தார், பிறகு நான் வாசிக்கிற நேரம் தானாகவே சத்தத்தைக் குறைக்கத் தொடங்கினார்.

எந்தப் பாட்டு என்று கேட்பாய். கோயிலில் நீ முதல் நன்மை வாங்கிய பூசைக்கு அப்பா தானே கட்டி, நீங்கள் பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை உடுப்போடு பாடினீர்களே, மலை இறங்கி வாரோம் ஐயா, அதுதான். அது எந்த ஆப்பில் இருக்கப் போகிறது? அதற்கு ஸ்கேல் பாடம் உதவியது. ஸ்கேல் என்றால் படிக்கட்டு மாதிரி, ஒரு படியும் தாண்டாமல் ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்கி, நம் பாட்டு எந்தப் படியில் நிற்கிறது, எங்கே திரும்புகிறது என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்தேன். பிறகு ஜி, சி, டி, இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வைத்து, காதுக்கு ஒத்துப்போனதை வைத்துக்கொண்டேன். அப்பா கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டேயிருப்பார். எப்படி இருக்குங்க என்று கேட்டால் சரி. அந்தச் சரியைக் கேட்டு ஒரு நாள் கிட்டாரைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு அடுப்படியில் போய் அழுதேன். சோற்றை இறக்கி வைத்துவிட்டு, திரும்ப வந்து எடுத்தேன்.

போன மாதக் கடைசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மீரியபெத்தவில் மலை சரிந்து லயத்தை மூடியதற்குப் பிறகு இங்கே யாரும் மழையோடு விளையாடுவதில்லை, கிராம சேவகர் வந்து எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். அந்தச் சேற்றில் கைத்தடி ஊன்ற முடியாது என்று அப்பாவை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். நான் பாய், மருந்து, கிட்டார் மூன்றையும் பொலித்தீனில் சுற்றி எடுத்துக்கொண்டேன். ஏம்மா, டீவிய விட்டுட்டு யாராச்சும் கட்டையத் தூக்கிட்டு வருவாங்களா என்று முருகையா மாமா கேட்டார். அடுத்த நாள் கரண்ட் இல்லை, என் போனும் செத்துவிட்டது, பச்சையும் இல்லை சிவப்பும் இல்லை. ஒரு நாள் விட்டால் கை மறந்துவிடும் என்ற பயத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தனை பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வாசித்தேன். பாட்டுத் தெரிந்த பொம்பளைகள் இரண்டு பேர் கூடப் பாடினார்கள். மூன்றாவது வரி, வெறுங்கையோட வந்த பிள்ளை என்ற இடம், வழக்கம்போல ஜி பிடித்தேன், யாரோ தப்பு என்று சொன்னது கேட்டது. அத்தனை கூட்டத்தில் யாரென்று தெரியவில்லை, திரும்ப அதே இடத்தை வாசித்தேன். தப்புடி என்று இன்னும் சத்தமாகக் கேட்டது. அப்பா, நிஷாலினி. உன் அப்பாதான். முகமெல்லாம் சிவந்து, நான் ஏதோ அவருடைய மகளையே அடித்துவிட்டது போல் என்னைப் பார்க்கிறார். எட்டி இடது கையால் கிட்டாரின் கழுத்தைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார், நடுவிரலும் மோதிர விரலும் போய் எங்கேயோ அழுத்தின, என்னைப் பார்த்துக் கம்பியை அடி என்று கண்ணாலேயே காட்டினார். கம்பியை அழுத்துகிற கை இடது கைதானே, அது அவருக்குக் கெட்டுப் போகவில்லையே, இத்தனை நாள் அது எனக்குத் தோன்றவேயில்லை. நான் வலது பக்கம் மண்டி போட்டுக் கம்பியைத் தட்டினேன். அந்த வரிக்கு இப்படி ஒரு சத்தம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது, பிறகு ஆப்பில் தேடினேன், ஈ மைனர் என்று போட்டிருக்கிறது. அவர் வெறுங்கை என்று பாடினார், அதற்கு மேல் வரவில்லை, நான் தட்டாமல் காத்திருந்தேன், யோட என்று வந்தது. முருகையா மாமா வெளியே போய் மழையில் நின்றார், உள்ளே வர நேரமெடுத்தது.

அதற்காக எல்லாம் சுகமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. லயத்து வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் டீ வேணுமா என்றால் பழையபடி சரிதான். ஆனால் சீனி போடாமல் கொடுத்த டீயைக் குடித்துப் பார்த்துவிட்டுத் தப்பு என்றார். எனக்கு வந்த சந்தோசத்தில் டொக்டர் சொன்னதைக்கூட மறந்து சீனி போட்டுவிட்டேன். தினமும் கிட்டார் அவர் மடியில், தட்டுவது நான். மூன்றாவது வரி முழுக்க வருகிறது, முதல் வரி பாதி வருகிறது. கிறிஸ்மஸ் கரோலுக்கு நாங்கள் இரண்டு பேரும் இந்த ஒரு கிட்டாரோடு வருகிறோம் என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டேன், அனுமதி கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்று விளங்கிவிட்டது மகள். அவர் விழுந்ததிலிருந்து நாம் எல்லாரும் அவரைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டோம், அவர் எதிர்த்துச் சொல்ல ஒன்றையும் வைக்கவில்லை. அந்தோனியார் கோயிலில் பாட்டுக் குழுவையே அதட்டி நடத்திய மனிதர் அவர்.

நீ ஓவர்டைம் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டிக் கழிக்காதே, நிரஞ்சலாவோடு சண்டை போடாதே. ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் துணையிருக்கட்டும், மாதா உன் தலைமாட்டில் இருக்கட்டும், ஒப்பந்தம் முடிந்து நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும், அதற்கு முன்னால் வரக் கூடாது. இந்தக் கடிதம் கிடைத்த அடுத்த ஞாயிறு போன் எடுக்கும்போது என்னைக் கேட்காதே, அப்பாவைக் கேள். எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிடாதே, அழவும் செய்யாதே. நம் பாட்டை முதலிலிருந்து பாடு, மூன்றாவது வரிக்கு வந்ததும் வேண்டுமென்றே பிசகாகப் பாடு. அவருக்குச் சொல் கிடைக்க நேரமெடுக்கும், லைன் போய்விட்டதோ என்றுகூட நினைப்பாய். அவர் உன்னைத் திருத்தும் வரைக்கும் போனை வைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
றீட்டா மத்தேயு