சாம்சனின் காலும் செழியன் கல்யாணமும்

எம். புதுப்பட்டி
செவ்வாய் மாலை

அன்புள்ள ஜோபினுக்கு,

அம்மா எழுதுவது. குதிரையைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் அந்த டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். வலிப்பதால்தான் ஒரு குதிரை காலை ஊன்றாமல் இருக்கிறதென்றால், அந்த வலியைப் போக்குவது அதற்கு நல்லதா கெட்டதா? எம்.எஸ்சி. படித்து இருபத்து நான்கு வருடம் பாடம் நடத்திய எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், கடைசிவரை படி.

நீ வாங்கிக் கட்டிவிட்டுப் போன சாம்சனுக்கு வலது முன்னங்கால் முட்டி வீங்கிப் பத்து நாளாகிறது. பிரீத்திகா டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்திருக்கிறது, உள்ளே ஊசி போட்டால் இரண்டே நாளில் நொண்டாது, ஆனால் இரண்டு மாதம் யாரும் ஏறக்கூடாது, வலி தெரியாமல் ஓடினால் மிச்சமிருப்பதும் தேய்ந்து படுத்துவிடும் என்றார். நொண்டாது என்பதோடு உன் அப்பாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. சாம்சன் குணமாகிவிட்ட மாதிரியே பேசிக்கொண்டு ஜெப எண்ணெய் தடவுகிறார். அதைப் பராமரிக்கும் வேலுச்சாமியோ, ஊசியெல்லாம் எதுக்கு டீச்சர், கம்பியக் காய்ச்சி ரெண்டு இழுப்பு இழுத்தா வீக்கம் இருந்த இடம் தெரியாது என்கிறார். முதலில் உங்கள் காலில் இழுத்துப் பார்ப்போமா என்றேன். எனக்கு ரெண்டுதான டீச்சர் இருக்கு, அதுக்கு நாலு இருக்குல்ல என்று சிரிக்கிறார். நீயும் உன் பங்குக்கு, தினமும் கொஞ்சம் நடக்க விடுங்கள் என்கிறாய். நீ மனிதர்களின் முட்டியைப் பார்க்கிற நர்ஸ். அவர்கள் படு என்றால் படுப்பார்கள்.

இதற்கெல்லாம் மேலே, வேலுச்சாமி மகன் செழியனின் மாப்பிள்ளை அழைப்புக்கு வியாழக்கிழமை சாம்சன் வரும் என்று அங்கிருந்தபடியே வாக்குக் கொடுத்திருக்கிறாயே, யாரைக் கேட்டாய்? பட்டாசுக் கம்பெனிகளில் வெடித்துப் பார்க்கிற சத்தத்திலேயே வளர்ந்து, சரவெடிக்கு மிரளாத குதிரை இந்தப் பக்கம் அது ஒன்றுதான், தெரியும். செழியன் தெருவிலிருந்து இதுவரை எந்த மாப்பிள்ளையும் குதிரையில் ஊர்வலம் போனதில்லை, அதுவும் தெரியும். அதனால்தான் ஊசியை ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டேன். நொண்டுகிறவரை யாரும் ஏறமாட்டார்கள், அதன் வலியே அதற்குக் காவல் என்று இருந்துவிட்டேன். இன்று அது தீவனத்தைத் தொடவில்லை. நாளைக் காலை டாக்டரை வரச் சொல்லிவிட்டேன். குதிரை வராது என்று செழியனிடம் நீயே சொல், என் தலையில் கட்டாதே.

இருமல் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. ஞாயிற்றுக்கிழமையாவது சோறு வடி. ஆண்டவர் உனக்கு நல்ல உடம்பும், வாக்குக் கொடுக்குமுன் யோசிக்கிற புத்தியும் தரட்டும்.

உன் அம்மா,
பியூலா

புதன்கிழமை

அனுப்புவதற்குள் விடிந்துவிட்டது, நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஏழு மணிக்கு, டாக்டருக்கு முன்பே, செழியன் வந்து நின்றான், குதிரையை ஒத்திகைக்குக் கூட்டிப்போக. இந்தக் கடிதமே உனக்கு வந்து சேரவில்லை, நீ எங்கே சொல்லியிருப்பாய். நான்தான் சொன்னேன். பொண்ணு வீட்டுல எல்லாருட்டயும் சொல்லியாச்சு டீச்சர், இப்பம் நடந்து போனா சிரிக்க மாட்டாகளா என்றான். முட்டியைத் தொட்டுப் பார் என்றேன். தொட்டவன், இம்புட்டுக் கொதிக்கே என்று கையை எடுத்துக்கொண்டான். டாக்டர் ஊசி போட்டபோது உன் அப்பா வேப்பமரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சாம்சன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றது செழியன்தான். ஊசி வெளியே வரும்வரை பிடியை விடவில்லை. கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, ஜோபின் பேச்ச நம்புனது என் தப்பு டீச்சர் என்றான். நாளை அவன் நடந்துதான் போகப்போகிறான், அதற்குமுன் நீயே அவனைக் கூப்பிட்டுப் பேசு.