திரையில் வந்த மலை

அன்புள்ள அம்மாவுக்கு, சுலக்ஷனா எழுதுகிறேன். நான் சுகம். மண்சரிவு முகாமில் உங்கள் இருமல் குறைந்ததா?

கொழும்பு ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குப் புது சிஸ்டம் போட்டிருக்கிறார்கள். திரையின் ஓரத்தில் இருந்த பட்டன்கள் நடுவுக்கு வந்துவிட்டதால் கை இன்னும் பழைய இடத்துக்கே போகிறது. எழுத்து மட்டும் தெளிவு. திரையின் பின்னணியில் தினமும் ஒரு புதுப் படம் வரும். நேற்று தேயிலை மலை வந்தது.

பக்கத்து மேசை மெரினா, "இது உங்க ஊரா? எவ்வளவு அழகா இருக்கு" என்றாள்.

"ஆமா, இப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அப்பா மேல் சரிந்த மலையும் அப்படித்தான் பச்சையாக இருந்தது. படத்தை மாற்றத் தெரியவில்லை, யாரையும் கேட்கவுமில்லை. வேலைப் பக்கங்களைத் திறந்து மறைத்தேன். ஒவ்வொன்றையும் மூடும்போது மலை திரும்ப வந்தது.

இங்கே ஏசி குளிர் அதிகம். ஊரிலிருந்து வருபவர்களிடம் உங்கள் பழைய சேலை ஒன்று கொடுத்து அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். சாமான் எடுக்க மலையடியில் இருக்கும் நம் லயத்து வீட்டுக்குப் போகாதீர்கள், அம்மா, மண் இன்னும் சரியலாம். ஆபீஸ் மேனேஜர் வருகிறார், இத்துடன் நிறுத்துகிறேன்.

மகள்
சுலக்ஷனா