வெள்ளைக்காரிக்குக் கரன்ட்

தை 6, திங்கள்

நெத்திலி, நீ போன பிறகும் நான் உனக்கு வைத்த பேர்தான் வாயில் வருகிறது. காலையில் நல்ல பனி. எதிர் வீட்டு மாடி தெரியவில்லை. உன் பைக் மேல் போட்டிருந்த தார்ப்பாய் நனைந்து கனத்துக் கிடந்தது. உதறிக் காயப் போட்டேன்.

உன் செல்லுக்கு இன்றும் அழைப்புகள். நாவலூர் ஃபிளாட்காரர்கள். புதன்கிழமை மீன் வருமா என்று. என் வீட்டுக்காரர் ஐப்பசியிலேயே மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி, அவர்கள் ஐயையோ என்பதைக் கேட்டு, அலுத்துவிட்டது. கடைசியாகப் பேசிய அம்மாவிடம் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "வரும்மா. நானே எட்துகினு வரேன்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

சாயந்திரம் உன் அண்ணன். வழக்கம் போல வாசலில் நின்றே பேச்சு. உள்ளே வர மாட்டார்.

"செல்வி, ஞாயித்துக்கெயம ஒரு பார்ட்டி வராங்க. வண்டிய பாத்து எட்துகினு போய்டுவாங்க. சும்மா நின்னுகினு இருந்தா துரு புடிச்சிடும்."

"நான் ஓட்றேன் மாமா."

"முடிச்சூர் காலி மனைல ரெண்டு ரவுண்டு வுட்டா அது ஓட்றதா? நாவலூர்ல எல்லா பில்டிங்கும் ஒரே மாரி கீது. என் தம்பியே சுத்தினு கெடப்பான்."

"அதுக்குதான் வெள்ளைக்காரி கீறாளே."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. மீசையைத் தடவி மறைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு பேச்சு: ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் தனியாகப் போய் எல்லா வீட்டுக்கும் மீன் கொடுத்துவிட்டு வந்தால் வண்டி நம்மிடமே நிற்கும். இல்லாவிட்டால் பார்ட்டிக்கு.

வெள்ளைக்காரியை எடுத்துத் துடைத்தேன். சிங்கப்பூர் போன சார் உனக்குக் கொடுத்துவிட்டுப் போன வழி சொல்லும் பெட்டி. லெஃப்ட்டில் திரும்பு, ரைட்டில் திரும்பு என்று இங்கிலீஷில் பெண் குரல். அவளோடு நீ ஊர் சுற்றியபோது எத்தனை சண்டை போட்டேன், எனக்குச் சக்களத்தியா என்று! வாடிக்கை வீட்டுக்கெல்லாம் நம்பர் போட்டு வைத்திருக்கிறாய். நம்பரைத் தொட்டால் அந்த வீட்டுக்கு வழி. எனக்கு அது போதும்.

ஆனால் கண்டிகை தாண்டுவதற்குள் மயக்கம் போட்டு விழுவாள். உள்ளே இருக்கும் பேட்டரி செத்தது. வண்டியிலிருந்து கரன்ட் கொடுக்கணும், கொடுக்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

தை 7, செவ்வாய்

வெயில். மீன் கிடையாது. தாம்பரம் போக நல்ல நாள்.

சுடிதார், மேலே உன் நீலச் சட்டை. ஜி.எஸ்.டி. ரோட்டில் இந்தப் பக்கம் லாரி, அந்தப் பக்கம் பஸ், நடுவில் நான்! பெருங்களத்தூர் வரைக்கும் முருகா முருகா. அப்புறம் முருகனை மறந்துவிட்டேன். காற்று அவ்வளவு சுகம்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் காதர் பாய் கடை. வண்டி ஒயர் வேலை மட்டும் செய்கிறவர். வண்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். வெள்ளைக்காரியை அவர் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஹெட்லைட் ஒயர்ல சேத்துடலாமா பாய்?"

"ஐயோ வாணாம் தங்கச்சி. இந்த வண்டில அது இஞ்சின்லேந்து நேரா வர்ற கரன்ட்டு. முறுக்குனா ஏறும், வுட்டா எறங்கும். உங்க வெள்ளைக்காரிக்கு ஜன்னி வந்துரும்."

"அப்ப பேட்டரில நேரா?"

"பேட்டரி பன்னண்டு வோல்ட்டு. இவளுக்கு அஞ்சுதான் தாங்கும். நடுவுல கார் சார்ஜர் வெக்கணும், அது கொறச்சிக் குடுக்கும். அப்புறம், சாவிய எடுத்தா இவளும் தூங்கணும். இல்லாட்டி காலைல பேட்டரி காலி, நீங்க ஒதைச்சினே இருக்கணும். ஹாரன் ஒயர்தான் கரெக்ட்டு, சாவி போட்டாதான் அதுல கரன்ட்டு வரும்."

சார்ஜரைப் பிரித்து, ஒயர் இழுத்து, ஒரு ஃபியூஸ் வைத்து, சீட்டுக்கு அடியில் முடிச்சு. சாவி போட்டதும் வெள்ளைக்காரி முகம் பளிச்சென்று ஆனது. கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும்தான்.

"அவன் இருந்தப்பவே செஞ்சிருக்கணும். நாளைக்கு நாளைக்குன்னு நான்தான் இஸ்துட்டேன்" என்றார் பாய். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

தை 8, புதன்

இருட்டோடு கோவளம். கரையில் நல்ல மீன். சங்கரா, வஞ்சிரம், கொஞ்சம் இறால். நெத்திலியும் வாங்கினேன், சும்மா.

முதல் மூன்று வீடும் வெண்ணெய் மாதிரி. தப்பான தெருவில் போனாலும் வெள்ளைக்காரி (இனி வெ.) திட்டுவதில்லை. பொறுமையாக வேறு வழி சொல்கிறாள். நீ என்றால் கத்தியிருப்பாய்.

நாலாவது வீட்டுக்குப் போகும்போது கண்ணை மூடிவிட்டாள். தட்டினேன், குலுக்கினேன், கெஞ்சினேன். ஊஹூம்.

நாலாவது வீட்டம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"பெரிய பில்டிங் முன்னாடி மேடம்."

"எந்த பில்டிங்? பேர் என்ன போட்டிருக்கு?"

"இங்கிலீஷ்ல போட்டிருக்கு மேடம்."

அந்தப் பக்கம் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு, ஆனால் கண்ணில் தண்ணி. ஐஸ் உருகிக்கொண்டே இருக்கிறது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று பெட்டியைத் திறந்து, "சங்கரா வஞ்சிரமேய்!" என்று ஒரு கூவல். மாடி மாடியாகத் தலைகள். வாட்ச்மேன் ஓடி வந்தார். "யம்மா, இங்கல்லாம் கூவக்கூடாதும்மா!" சொல்லிவிட்டு அவரே அரைக் கிலோ வாங்கினார்.

வீடு வந்தபோது உன் அண்ணன் வாசலில். பெட்டியில் மிச்ச மீனைப் பார்த்தார். மூடியைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

தை 9, வியாழன்

மறுபடி தாம்பரம். பாய் சீட்டைக் கழற்றிப் பார்த்தார். முடிச்சு போட்ட இடம் பச்சைப் பசேல், பாசி மாதிரி.

"தங்கச்சி, உங்க மீன் பொட்டி ஒழுவுதா?"

ஒழுகத்தான் செய்கிறது. எல்லோர் பெட்டியும் ஒழுகும். ஐஸ் உருகி, மீன் கழுவின உப்புத் தண்ணி சொட்டுச் சொட்டாக நேரே அந்த முடிச்சின் மேல்.

"இருவது வருஷம் ஒயர் வேல செய்றேன். கடல இட்டாந்து சீட்டு மேல வெப்பாங்கன்னு எனக்குத் தோணலியே!" தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"மீன்காரி எனக்கே தோணல பாய்."

ஒயரை வெட்டி டேங்குக்கு அடியில் உயரமாகக் கொண்டுபோய், சைக்கிள் டியூப் சுற்றி, மேலே டேப். பெட்டிக்கு அடியில் நான் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து ஓரத்தில் குழாய் விட்டேன். தண்ணி இனி ரோட்டுக்கு. பாய் தட்டைப் பார்த்துவிட்டு, "இது நான் செஞ்சதுன்னு சொல்லிக்கட்டுமா?" என்றார். சொல்லிக்கொள்ளட்டும்.

தை 10, வெள்ளி

மேகம். வண்டியைக் கழுவினேன். உன் சட்டையைத் துவைத்தேன். துவைத்திருக்கக் கூடாது. இப்போது சோப்பு வாசனைதான் வருகிறது.

தை 12, ஞாயிறு

நாளை தை அமாவாசை, யாரும் மீன் தொட மாட்டார்கள். அதனால் இன்று எல்லா வீட்டிலும் கூடுதலாகக் கேட்டிருந்தார்கள். பெட்டியை மூட முடியவில்லை.

வெ. ஒரு தடவைகூடக் கண் மூடவில்லை. ஹாரன் அடித்தால் லேசாகச் சிமிட்டுகிறாள், அவ்வளவுதான். கடைசி வீட்டில் ஒரு வயசான சார், லிஃப்ட் வரைக்கும் வந்தார். "அடுத்த வாரம் நெத்திலி கிடைக்குமாம்மா?" சிரிக்காமல், "கிடைக்கும் சார்" என்றேன். கீழே வந்து நன்றாகச் சிரித்தேன். திரும்பும்போது வண்டலூர் ரோட்டில் ஆள் இல்லாத இடத்தில் பாட்டு. சத்தமாக. வெ. குறுக்கே குறுக்கே பேசினாள்.

சாயந்திரம் பார்ட்டி வந்தாயிற்று. உன் அண்ணன் முதலில் என் பெட்டியில் கையை விட்டுத் துழாவினார். தண்ணிதான், ஒரு மீன் இல்லை. அதற்குள் அந்த ஆள் சாவியைத் திருப்ப, வெ. இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அவன் துள்ளிக் குதித்தான்.

"இன்னா சார், உள்ள பொம்பள பேசுது?"

"அது என் தம்பி பொண்டாட்டியோட கூட்டாளிபா. வண்டி விக்கறதுக்கு இல்ல. வா, டீ சாப்ட்டு போ."

நான் உள்ளே ஓடிப்போய் டீ போட்டேன், சர்க்கரையை ரெண்டு தடவை.

தை 13, திங்கள், அமாவாசை

விடியலில் உன் அண்ணன் வாசலில், வேட்டி துண்டோடு. கோவளத்தில் முழுக்குப் போடணும், அப்பாவுக்கு, இந்த வருஷம் உனக்கும். பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழிகிறதாம். சொல்லிவிட்டுத் தலையைச் சொறிகிறார். போகவும் இல்லை.

"ஒக்காருங்க மாமா, நான் இட்டுகினு போறேன்."

"தம்பி பொண்டாட்டி பின்னால எப்டி செல்வி? நாலு பேர் பாக்க மாட்டாங்க?"

யோசித்தோம். கழுவி வைத்திருந்த மீன் பெட்டியை நடுவில் வைத்தேன். உள்ளே எள், வாழைப்பழம், கற்பூரம். முன்னால் நான், பெட்டி, பின்னால் கேரியர் ஓரத்தில் அவர். தெருவே வெளியே வந்து பார்த்தது. "செல்விக்கா, மெதுவாப் போ, மாமா கயண்டுக்கப் போறாரு!"

ஒவ்வொரு பள்ளத்துக்கும் "யம்மாடி" என்றார். கடலில் முங்கி எழுந்து, உன் பெயரைச் சொல்லித் தண்ணி விட்டார். நான் கரையில் நின்றேன். அழுதேன்தான். ஆனால் பசித்தது. பஜ்ஜி வாங்கித் தந்தார்.

கண்ணாடியில் பார்த்தேன் நெத்திலி. போகும்போதும் வரும்போதும் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வந்தார். உன் பின்னால் உட்கார்ந்தாலும் இப்படித்தான் வருவாரா, இல்லை நான் ஓட்டுவதால்தானா?