துவைத்த அட்டை

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டல் சலவைக்கூடத்தில் ஊரார் பாக்கெட்டையெல்லாம் துழாவிவிட்டு மெஷினில் போடுகிற நான், போன மாதம் என் குடியிருப்பு அட்டையைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன். பெயரும் போட்டோவும் போய்ப் பளிச்சென்று வெளுத்து வந்தது. சூப்பர்வைசரே வேலை சுத்தம் என்றார்.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? பாப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? அட்டை இல்லாமல் இந்த நாட்டிலிருந்து ஊருக்குக் கிளம்ப விடமாட்டார்கள். அடுத்த மாதம் அவள் பிரசவத்துக்குள் புதியது வாங்கிவிட வேண்டுமென்று அலுவலகத்துக்கு ஒன்பது தடவை நடந்தேன்.

விண்ணப்பத்தில் அங்க அடையாளம் இரண்டு கேட்டிருந்தது. ஒன்று புருவத்துத் தழும்பு. முதுகில் மச்சம் உண்டென்று நீதான் சொல்வாய். அறையில் கூட இருக்கும் சமையல்காரரிடம் முதுகைக் காட்டினேன்.

"ஒண்ணையும் காணோமே அண்ணே. அண்ணி உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க."

அதற்குமேல் யாரிடம் காட்டுவது? உன்னை நம்பி, இருக்கிறதென்றே எழுதிக் கொடுத்தேன். எந்தப் பக்கம் என்று மறக்காமல் எழுது. கூடவே பாப்பாவின் போட்டோ ஒன்று, வயிறு தெரிகிற மாதிரி அனுப்பு.

நேற்று அட்டை கைக்கு வந்துவிட்டது. ஷிப்டுக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

பாப்பா அப்பா

பி.கு.: பழைய அட்டையின் கடைசித் தேதியையே இதிலும் போட்டிருக்கிறார்கள். அது வருகிற வெள்ளிக்கிழமை. புதுப்பிக்க மூன்று மாதமாகுமாம். பாப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.