இருவர் அடங்கிய தரகர் தேர்வுக் குழு

ஜூன் 1, ஞாயிறு

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்குவதென்று இன்று முடிவாயிற்று. நிறம் பழுப்பு. கை வைத்தது. அப்பாவின் வீட்டை விற்றுத் தரப்போகும் தரகரை நிற்க வைத்துப் பேசுவது முறையல்ல என்று நான் அண்ணியிடம் சொல்லியனுப்பினேன். உட்கார வைத்தால் எழுந்து போகமாட்டார்கள் என்று அண்ணன் அதே அண்ணியிடம் சொல்லியனுப்பினான். ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில் அண்ணி, "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா? நேரா பேசுங்க, இல்லைன்னா நின்னுக்கிட்டே வித்துத் தொலைங்க" என்று போனை அவன் கையில் திணித்துவிட்டார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் அண்ணன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்: "கை வச்சதா, வைக்காததா?"

ஜூன் 3, செவ்வாய்

நூலகத்தில் வேலை ஓடவில்லை. பழசெல்லாம் கிளம்பி வருகிறது.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அவரோடு அந்த வீட்டில் இருந்தவள் நான். அப்புறம் அவர் எழவில்லை. காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணன் சொன்னான்: "நீ கூடவேதானே இருந்தே." அவ்வளவுதான். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் வாடகை வீட்டுக்குப் போனேன். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

விற்றுப் பிரித்துக்கொண்டால், நாங்கள் பேச வேண்டியிருக்கும் கடைசி விஷயமும் தீர்ந்துவிடும். நல்லதுதானே?

ஜூன் 8, ஞாயிறு

தேர்வுக் குழு முதல்முறை கூடியது. உறுப்பினர்கள் இருவர். விதி ஒன்று: குறைந்தது மூன்று பேரைப் பார்க்காமல் யாரையும் அமர்த்துவதில்லை. அண்ணன் வங்கியில் முப்பது வருஷம் கடன் பிரிவில் இருந்தவன். 'முடியாது' என்று சொல்வதையே தொழிலாகச் செய்து ஓய்வு பெற்றவன். குழுவுக்கு அந்த அனுபவம் பெரிய பலம்.

முதலாமவர் வாசலிலேயே புகழ ஆரம்பித்தார். காற்றைப் புகழ்ந்தார். தெருவைப் புகழ்ந்தார். சமையலறை அலமாரியில் ஒரு பலகைத் தட்டு உடைந்து தொங்குகிறது. அதைப் பார்த்து, "இப்பல்லாம் இப்படித்தாங்க விரும்புறாங்க" என்றார்.

அவர் போனதும் அண்ணன், "இந்த ஆளு வாங்க வர்றவன்கிட்டயும் இப்படித்தான் குழைவான். வேண்டாம்" என்றான். பிறகு அடுத்தவரை எப்படிச் சோதிப்பது என்று பேசினோம். தரகர் இருந்தது அரை மணி நேரம். நாங்கள் வீட்டைப் பூட்டும்போது மத்தியானம் ஆகிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாமவர் எதையும் புகழவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். குழாயைத் திறந்து உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் எங்களைப் பார்த்தும் பிதுக்கினார்.

"அப்பா பாத்துப் பாத்துக் கட்டின சுவரு. தர்பூசணி தட்டுற மாதிரி தட்டுறான்" என்றான் அண்ணன். நிராகரிக்கப்பட்டார்.

அண்ணன் பழைய கட்டிலின் பலகையில் அவனே 'விற்பனைக்கு' என்று எழுதிக் கொண்டுவந்திருந்தான். பெயர்ப்பலகை எழுதுபவரைத் தேடினால் அங்கேயும் மூன்று பேரைப் பார்க்க வேண்டுமாம். எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றேன்.

"வீடு சாயாம இருக்கில்ல, அது போதும்."

ஜூன் 19, வியாழன்

தரகர் உட்கார்ந்தால் நான் நிற்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது நாற்காலி வாங்கினேன்.

ஜூன் 22, ஞாயிறு

மூன்றாமவர் சின்ன வயது. வீட்டை வானத்திலிருந்து படம் எடுத்துத் தருவதாகச் சொன்னார். பறவைகள் வாங்க வந்தால் பயன்படும். போகும்போது அண்ணனின் தோளில் கை போட்டு, "கவலைய விடுங்க ப்ரோ" என்றார். அண்ணனுக்கு அறுபத்திரண்டு வயது.

மூன்று பேரைப் பார்த்தாயிற்று. விதிப்படி இன்று ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அண்ணன் ஃபிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றிக்கொண்டே, "மூணுங்கிறது குறைஞ்சபட்சம்தானே" என்றான். நான் உடனே ஒத்துக்கொண்டேன். ஏன் அவ்வளவு உடனே?

ஜூன் 29, ஞாயிறு

வருவதாகச் சொன்னவர் வரவில்லை. இருந்தாலும் காத்திருந்தோம். வீடு காலியாகத் தெரிந்தால் விலை போகாது என்று அண்ணி கொடுத்தனுப்பிய திரைச்சீலையை மாட்டினோம். ஃபிளாஸ்க் தேநீர் ஆறிப்போகிறது என்பதால் நான் ஒரு சின்ன அடுப்பு கொண்டுவந்தேன். இரண்டும் விற்பனைக்கு உதவும்.

ஜூலை 6, ஞாயிறு

நான்காமவருக்கு அண்ணன் வீட்டைச் சுற்றிக் காட்டினான். குளியலறைக்குள் காலை வைத்தான் - வழுக்கிவிட்டது. குழாயைப் பிடித்தான், குழாய் கையோடு வந்துவிட்டது. நான் ஒரு கை தூரத்தில்தான் நின்றேன். கை நீட்டினேன். அதற்குள் கீழே கிடந்தான். எலும்புக்கு ஒன்றுமில்லை. வேட்டியெல்லாம் தண்ணீர். தரகர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். ஆனால் விழுந்ததைப் பார்த்துவிட்டார். இனி அவரை எப்படித் தரகராக அமர்த்துவது?

அவர் போனதும் அண்ணன் பழுப்பு நாற்காலியில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"நீ பக்கத்துலதானே நின்னே" என்றான்.

பையை எடுத்துக்கொண்டேன். "ஆமா. பக்கத்துலதான் நின்னேன். சொல்லு, இன்னும் என்ன சொல்லணுமோ சொல்லிடு."

"அதான் சொல்றேன். பக்கத்துலதான் நின்னே. கை நீட்டினே, நான் பாத்தேன். பிடிக்க முடியாது." கையில் இன்னும் அந்தக் குழாயை வைத்திருந்தான். "யாரு நின்னிருந்தாலும் முடியாது. நான் நின்னிருந்தாலும்."

இதைச் சொல்ல ரெண்டு வருஷமாடா உனக்கு? - இதை அவனிடம் கேட்கவில்லை. இங்கே கேட்டுக்கொள்கிறேன். அங்கே, "வேட்டிய மாத்து, சளி பிடிக்கும்" என்றேன்.

ஜூலை 9, புதன்

அண்ணன் ஆள் வைத்துக் குளியலறைத் தரையைப் பெயர்த்துச் சொரசொரப்பான கல் பதிக்கிறானாம். வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள் என்கிறான். இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஐந்தாமவர் ஒரு பெண். என் வயதிருக்கும். புகழவில்லை, பிதுக்கவில்லை. வீட்டில் எது விலை போகும், எது போகாது என்று நேராகச் சொன்னார். பத்திரங்களைப் பொறுமையாகப் படித்தார். இதற்கு முன் விற்றுக் கொடுத்த வீட்டுக்காரர்களின் எண்களை நாங்கள் கேட்காமலே தந்தார். வாங்க இரண்டு குடும்பம் தயாராக இருக்கிறது என்றார்.

அண்ணன் அவரிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் என்னைப் பார்த்தான். நான் அவர் செருப்பைப் பார்த்தேன். அதுவும் சுத்தமாக இருந்தது. குழு பெருங்கவலையில் ஆழ்ந்தது.

சமையலறையைப் பார்த்துவிட்டு வந்தவர், "இங்க இப்ப யார் இருக்காங்க?" என்றார்.

"யாரும் இல்லைங்க. பூட்டித்தான் கிடக்கு" என்றான் அண்ணன்.

"அடுப்பு சூடா இருக்கே."

நான் அவருக்குத் தேநீர் ஊற்றினேன். திரைச்சீலையைப் பார்த்தார். மூன்று நாற்காலிகளைப் பார்த்தார். குளியலறையில் புதுக் கல்லைக் காலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து தேநீரை முழுவதும் குடித்தார்.

"தப்பா நினைக்காதீங்க. இந்த வீட்ட நான் எடுத்துக்கல. வாங்க வர்றவங்கள நாலு தடவை அலைய விட்டுட்டு, அப்புறம் அவங்களுக்கு நான் பதில் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்க. விக்கிறதுன்னு நிஜமாவே முடிவான அன்னைக்குக் கூப்பிடுங்க."

அவர் போய் வெகுநேரம் அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுக்கப்பட்டவர்களுக்கு எப்படியிருக்கும் என்று முப்பது வருஷத்தில் அவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

"நம்மளப் போயி வேண்டாங்குது பாரேன் அந்தம்மா" என்றான்.

ஜூலை 17, வியாழன்

இதுவரை பார்த்தவர்களில் தகுதியானவர் அவர் ஒருவர்தான்.

ஜூலை 19, சனி

இரவு அண்ணன் போன் செய்தான்.

"நாளைக்கு யாரு வர்றா?"

"யாரும் இல்ல."



"அப்ப சீக்கிரமாவே வந்துடலாம்" என்றான்.

ஜூலை 27, ஞாயிறு

அண்ணியும் வந்திருந்தார். வருகிறவர்களுக்கு ஒன்று இருக்கட்டும் என்று நான்காவது நாற்காலியும் வாங்கினோம். அண்ணன் வாசலில் இருந்த 'விற்பனைக்கு' பலகையைக் கழற்றி, ரம்பத்தால் அறுத்து, சமையலறை அலமாரியில் உடைந்த தட்டுக்குப் பதிலாகப் பொருத்தினான். ஒரு பக்கம் சற்றுக் குட்டை. அண்ணி, "சாய்ஞ்சிருக்கே" என்றார். மடித்த காகிதத்தை அடியில் செருகினோம். எழுத்துப் பக்கம் கீழே இருக்கிறது. மேலே சர்க்கரை டப்பா, தேயிலை டப்பா, நான்கு தம்ளர்கள்.