பங்க் கிளாஸில் ஏகாம்பரம்

வைகாசி 2

மகாமகக் குளத்தில் ஜனம் மிதிபட்டுச் செத்த வருஷம். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது போன வருஷம். எனக்கு எழுத்து கைக்கு வந்ததும் இந்த வருஷம்தான், சாயங்கால வகுப்பில். அதுவரை எல்லாம் தலைக்குள். இனி இந்த நோட்டில். யாரும் படிக்க அல்ல.

புழுக்கம். மகள் வசந்தியும் மருமகன் மோகனும் அந்தமானுக்குக் கப்பலில் போகிறார்கள். மோகனின் பாங்கி சிநேகிதர்களும் குடும்பத்தோடு. பங்க் கிளாஸ்தான் மலிவாம். அடுக்குப் படுக்கை, பொதுக் கக்கூஸ். "நீயும் வாப்பா, தனியா என்ன பண்ணுவ?" என்றாள். வரமாட்டேன் என்றேன்.

மோகன்: "பாஸ்கர் அவங்கப்பாவைக் கூட்டிட்டு வரான் மாமா. ஏகாம்பரம்னு பேரு. மேடவாக்கத்துக்கு உள்ளே ஏதோ ஏரிக்கரை ஊராம். உங்களுக்குப் பேச்சுத்துணை."

வருகிறேன் என்றேன்.

வைகாசி 3

வசந்தி சொன்னவை: புளிசாதம், நார்த்தங்காய், அவல், எலுமிச்சம்பழம் இருபது, போர்வை, குவளை.

எனக்கு வேண்டியது ஒன்று. ஏகாம்பரத்தின் வாயால் உண்மை, வசந்தி காதுபட.

அவளுக்குத் தெரியாதது இது. நானும் அந்த ஏரிக்கரை ஊர்க்காரன்தான். அங்கே இருந்தபோது ஒரு ஐப்பசியில் ஏரி மடைக் காவல் என் முறை. விடியும் நேரம் யாரோ மடைப்பலகையைப் பிடுங்கிவிட்டான். ஊர் நாற்று முழுக்கத் தண்ணீரில். பஞ்சாயத்தில் ஏகாம்பரம் எழுந்து "இவன்தான்" என்றான். ஊர்விலக்கு. மூன்று மாதம் எவனும் எனக்கு நெருப்பு தரக்கூடாது, தண்ணீர் தரக்கூடாது, வாசல் மிதிக்கக்கூடாது. மூன்றாம் மாதம் என் பெண்டாட்டி முனியம்மாவுக்கு வலி கண்டது. மருத்துவச்சி உள்ளே வரவில்லை. தாயும் போனாள், பிள்ளையும். வசந்திக்கு நாலு வயசு. காய்ச்சல் என்று சொல்லி வளர்த்தேன்.

பலகையைப் பிடுங்கியது ஏகாம்பரத்தின் தம்பி. பின்னால் ஒருநாள் குடித்துவிட்டு அவனே என்னிடம் உளறினான். அண்ணனுக்கு முன்பே தெரியுமாம்.

வைகாசி 5

தாம்பரத்தில் மின்சார ரயில், பீச்சில் இறங்கி நடை. துறைமுகத்தில் வரிசை, வெயில், போலீஸ் சோதனை. ஊறுகாய் பாட்டிலைக்கூட முகர்ந்து பார்த்தான்.

ஏகாம்பரம். தலைக்கு மை, பொய்ப்பல், விரலில் கல் மோதிரம். எனக்கு எதிர்ப் படுக்கை.

"எங்கியோ பாத்த மூஞ்சியா கீதேண்ணா?"

"தாம்பரம் மார்க்கெட்ல பாத்திருப்பீங்க."

"அப்டியா, அப்டியா."

வசந்தி அவனுக்குத் தலையணை உறை மாற்றிக் கொடுத்தாள். அங்கிள், அங்கிள் என்று.

வைகாசி 6

காற்று. கப்பல் தொட்டிலாக ஆடுகிறது. படித்த கூட்டம் மொத்தமும் வாந்தி. மோகன் வாளியைக் கட்டிக்கொண்டு. "இதுக்கு மாமல்லபுரம் பஸ்ல போயிட்டு வந்திருக்கலாம்டா" என்று பாஸ்கர். "வாயத் தெறக்காதே மச்சான், வருது" என்று மோகன்.

எனக்கு ஒன்றுமில்லை. இரண்டு தட்டு சோறு.

வசந்தி படுத்தபடியே: "நீதான் கல்லு மாதிரி இருக்க. அங்கிளைக் கொஞ்சம் பாத்துக்கோப்பா."

பார்த்துக்கொண்டேன்.

"ஒரு வாய் தண்ணி குடுண்ணா." குவளை என் கையில். நிரம்பிய குவளை. கொடுக்கவில்லை. காலைப் பலகார மணியிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு மணி வரைக்கும் அவன் கேட்டான், நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருந்தது. பொய் எழுத மாட்டேன்.

பிறகு உதடு வெடித்துப் பேச்சு குழறியது. பேசாமல் போய்விடுவானோ என்று பயம். எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டு, தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டினேன்.

"மவராசனா இருப்பேண்ணா நீ" என்றான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

வைகாசி 7

கடல் தட்டையாக. எல்லோருக்கும் உயிர் வந்துவிட்டது. மேல்தளத்தில் வட்டமாக உட்கார்ந்து அவல், சீட்டாட்டம். பறக்கும் மீன் பார்த்துப் பாஸ்கர் பெண்டாட்டி கத்தல். "இத்தனை சீப்பா ஃபாரின் போன மாதிரி!"

கேட்டேன். எல்லோரும் கேட்கும்படி. "ஏகாம்பரம், மடைப்பலகை புடுங்கினது யாரு? ஊர்விலக்கு வெச்சது யாரை?"

சீட்டு நின்றது.

"வெலக்கா? எத்தினியோ பேர வெச்சோம், எடுத்தோம். எனக்கு இன்னா ஞாபகம்?"

"முனியம்மா. என் பெண்டாட்டி."

"எந்த முனியம்மா?"

பாஸ்கர் சிரித்தான். "நேத்து சாப்ட்டதே அவருக்கு ஞாபகம் இருக்காது அங்கிள், விடுங்க."

மறந்தவன் நேராகப் பார்ப்பான். இவன் கண் கீழே போனது. கை வேட்டி நுனியைத் திருகியது. நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

வசந்தி என்னைக் கம்பி ஓரத்துக்கு இழுத்துப் போனாள். முழுக்கச் சொன்னேன். அவள் அழவில்லை.

"இத்தனை வருஷம் காய்ச்சல்னியே. இன்னைக்கு இப்படிங்கற. நான் எதைப்பா நம்பறது? வேற யாருக்காவது தெரியுமா?"

பிறகு போய் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவல் பிசைந்து கொடுத்தாள். நான் கேட்டதற்கு அவள் மன்னிப்புக் கேட்டாள், அவனிடம்.

வைகாசி 8

தீவு தெரிகிறது. பச்சை. மோகன் ஆளாளுக்குப் படம் எடுக்கிறான். ஏகாம்பரம் என்னைத் தாண்டும்போதெல்லாம் இருமுகிறான்.

வேற யாருக்காவது தெரியுமா? காலையிலிருந்து ஒவ்வொரு முகமாக எண்ணிப் பார்த்தேன்.

தீர்ப்புச் சொன்ன பெரியவர் சின்னசாமி. செத்தார், அடுத்த வருஷமே.
தண்டோரா போட்ட பொன்னன். பாம்பு.
ஏகாம்பரத்தின் தம்பி. குடித்தே செத்தான்.
பக்கத்து வீட்டு ராஜாக்கண்ணு. சுவர் வழியாக அலறல் கேட்டவன். போன தை.

அன்று மருத்துவச்சி என் தெருமுனை வரைக்கும் வந்தாள். கையில் வெந்நீர்ச் சொம்பு. ஏகாம்பரம் குறுக்கே நின்று சொம்பைத் தட்டிவிட்டான். அவள் கால் வெந்தது. அந்தத் தழும்பைக் கண்ணால் பார்த்தால் வசந்தி நம்புவாள்.

அந்த மருத்துவச்சி இப்போது கீழ்க்கட்டளையில் மகன் வீட்டில் இருக்கிறாள். கண் மங்கல், பேச்சு தெளிவு. உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான். கன்னியம்மா.